அட்டையில் இருந்த ஏழாவது கேள்வி

அத்தியாயம் 19

‘டமால்’ என்று எதுவோ விழுந்த சத்தம்தான் போனில் முதலில் கேட்டது. அதன் பின்னாலேயே, பித்தளை வளையங்கள் தரையில் உருண்டு சிதறும் ஓசை. எல்லாம் ஓய்ந்த பிறகுதான், வீட்டில் ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்த பெரியவளின் குரல் வந்தது.

"ஒண்ணும் இல்லடி. கத்திரிக்கோல் கை தவறிடுச்சு. வளைய டப்பாவும் சேர்ந்து கவுந்துடுச்சு."

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் தேநீர் மூலையில் சின்னவள் நின்றிருந்தாள். மணி பத்து பத்து. இடைவேளை முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லவா போன் பண்ணே?"

மூச்சு மட்டும் கேட்டது. ஊதி ஊதி விடுகிற மூச்சு.

"அது திரும்ப வந்துடுச்சு போலடி."

‘அது’ என்றால், அக்காவும் தங்கையும் அக்காவின் கணவனும் சேர்ந்திருக்கும் இந்த வீட்டில் வேறு விளக்கம் தேவையில்லை. பதினாறு வயதிலிருந்து பெரியவளின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த வலி. கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய திசு வெளியே, சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் உள்ளுக்குள்ளேயே கசிகிற நோய். எண்டோமெட்ரியோசிஸ் என்ற அதன் பெயரைக் கண்டுபிடிக்க நான்கு டாக்டர்களும் பதினோரு வருஷங்களும் ஆயின. அதுவரை, பெண்ணாகப் பிறந்தால் இதெல்லாம் சகஜம் என்பதுதான் அவளுக்குக் கிடைத்த மருந்து.

குழந்தை தங்குவது கஷ்டம் என்றார்கள். தங்கியது. தங்கியதோடு, மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் எழுந்து வந்து வலியே இல்லை என்று பெரியவள் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், பத்து வருஷமாக வீட்டில் இருந்த வெந்நீர்ப் பையைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சனியன் ஒழிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டான். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்ததை முந்தைய அத்தியாயம் ஒன்றில் நாமும் கூட இருந்து பார்த்தோம்.

இப்போது எட்டாம் மாதம்.

சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். அடிவயிற்றில், பழைய இடத்தில், ஆனால் கொஞ்சம் பலமாக என்றாள் பெரியவள். பனிக்குடம் உடைந்ததா? இல்லை. ரத்தம் படுகிறதா? இல்லை. குழந்தை அசைகிறதா? காலையில் அசைந்தது.

"தோள் வேற கழண்டு விழற மாதிரி இருக்குடி. நேத்து அந்த ஓட்டல்காரனுக்குப் பதினாலு திரை வெட்டினேன்ல. நின்னுக்கிட்டே வெட்டாதேன்னு உங்க மாமா கத்தினது பலிச்சிடுச்சு."

"நீ யார் சொல்லித்தான் கேட்டிருக்கே? போய்ப் படு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. துணியை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு இடுப்புல வை. டாக்டர் கொடுத்தாரே அந்த மாத்திரை, ஒண்ணு போட்டுக்கோ. பன்னெண்டு மணிக்கு நானே கூப்பிடறேன்."

"மாமாவுக்குச் சொல்லாதே. பாவம், பன்னெண்டு மாடிக் கட்டடத்துல தொங்கிட்டு இருப்பாரு."

"சொல்லல. கதவைப் பூட்டிட்டுப் படு."

இந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. யாருக்குத் தலைவலி வந்தாலும், சுளுக்குப் பிடித்தாலும், முதலில் சின்னவளைக் கேட்பார்கள். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு போனிலேயே வைத்தியம் சொல்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் எதற்கு உட்கார வேண்டும் என்பது மெக்கானிக்கின் வாதம். அவளுக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர் வைத்தவனும் அவன்தான். இரண்டு வருஷமாக, அக்காவின் வலிக்கு அவள் சொன்ன கைவைத்தியம் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த அறையில் எட்டு மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கட்டு அட்டைகள். நெஞ்சு வலிக்கு ஒன்று, தீக்காயத்துக்கு ஒன்று, வலிப்புக்கு ஒன்று. எந்த அழைப்பு வந்தாலும் அதற்குரிய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை வரிசை தவறாமல் வாய்விட்டுப் படித்துக் கேட்க வேண்டும். பதில் தெரிந்தாலும் கேட்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் அம்மாள் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். அந்த அம்மாளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று அறையில் ஒரு பேச்சு உண்டு.

பத்தேகால். ஒரு சாலை விபத்து. பத்து இருபது. மாடியிலிருந்து விழுந்த பெயின்டர். பத்து முப்பதுக்கு ஒரு ஆண் குரல் வந்தது. புதிதாகக் கல்யாணமானவனாக இருக்க வேண்டும். மனைவி என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. அவளுக்கு மூன்று மாதம், வயிற்று வலி தாங்காமல் சுருண்டு கிடக்கிறாள் என்றான்.

சின்னவள் பச்சை அட்டையை எடுத்தாள். கர்ப்பிணி, வயிற்று வலி. ஒன்பது கேள்விகள்.

எத்தனை மாதம். வலி எப்போது தொடங்கியது. விட்டு விட்டு வலிக்கிறதா, விடாமல் வலிக்கிறதா. ரத்தப்போக்கு. தலைசுற்றல். உடம்பு வெளிறி, ஜில்லென்று வியர்க்கிறதா. ஒவ்வொன்றையும் அவன் மனைவியிடம் கேட்டுச் சொன்னான். சின்னவள் பதிலைக் கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள்.

"தோள்பட்டை நுனியில வலி இருக்கான்னு கேளுங்க."

"தோள்லயா? வயிறுதாங்க வலிக்குது."

"தெரியும். கேட்டுச் சொல்லுங்க."

அவன் கேட்டான். இல்லை என்று அவள் முனகியது சின்னவளின் காதிலும் விழுந்தது. ‘இல்லை’ என்ற கட்டத்தை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றது.

ஏழாவது கேள்வி அட்டையில் ஏன் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டினால் அது மேலே ஏறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் சவ்வைத் தொடும். அதன் நரம்பு பொய் சொல்லும். வலியைத் தோளில் காட்டும். பயிற்சியில் இதைக் கரும்பலகையில் படம் போட்டே விளக்கினார்கள். இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை நானூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

தோள் வேற கழண்டு விழற மாதிரி இருக்குடி.

லைனில் ஒருவன் காத்திருக்கிறான். அவனுக்கும் ஒரு மனைவி. எட்டாவது கேள்வியைக் கேட்டாள். ஒன்பதாவதைக் கேட்டாள். விலாசத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிச் சரிபார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது, போனைக் கையிலேயே வைத்திருங்கள் என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அலமாரிக்கு ஓடினாள். பெரியவளின் போன் மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

மணி பத்து முப்பத்தைந்து.

மேற்பார்வையாளர் அம்மாள் எழுந்து வந்தாள். சின்னவள் இரண்டே வாக்கியம் சொன்னாள். எட்டு மாதம், வயிற்றிலும் தோளிலும் வலி, போன் எடுக்கவில்லை, என் அக்கா. சொந்தக்காரர்களின் அழைப்பை யாரும் கையாளக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அந்த அம்மாள் சட்டத்தை நினைவூட்டவில்லை. சின்னவளின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வண்டியை அங்கே திருப்பிவிட்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னாள்.

மெக்கானிக் முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு, அவசரம். மாமா இப்ப ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல திரிசங்கு சொர்க்கத்துல இருக்கேன்."

"மாமா, அக்காவுக்கு முடியல. வண்டி போயிட்டு இருக்கு. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

என்னவாயிற்று, எப்போது என்று எதையும் கேட்காமல், சரி என்று மட்டும் சொன்னான். அவன் ஒரே வார்த்தையில் பேசி அவள் கேட்டதே இல்லை.

பத்து நாற்பத்தெட்டுக்கு ஒலிபெருக்கியில் வண்டிக்காரர்களின் குரல் வந்தது. இரண்டாவது மாடி வாசலில் நிற்கிறார்கள். மணி அடித்தாகிவிட்டது, தட்டியாகிவிட்டது. கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. பதில் இல்லை. வேறு யாரிடமாவது சாவி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பூட்டை உடைப்பதென்றால் வீட்டைச் சேர்ந்தவர் யாராவது அனுமதி தர வேண்டும்.

கதவைப் பூட்டிட்டுப் படு.

சின்னவள் மேஜைக்கு மேலே குனிந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"உடைங்க. அது என் வீடு. நான் சொல்றேன், உடைங்க."

மூன்று அடி. நான்காவது அடியில் மரம் பிளந்தது. மற்ற ஏழு மேஜைக்காரர்களும் தங்கள் தங்கள் அழைப்பைப் பேசிக்கொண்டே, ஒரு காதை இங்கே வைத்திருந்தார்கள்.

பெரியவள் படுக்கையறைக்குப் போயிருக்கவில்லை. வெட்டும் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில், பாதி மடித்த திரைத் துணியின் மேல், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடியே செய்திருந்தாள். நினைவு இருக்கிறது, பேச்சு குழறுகிறது, நாடி ஓடுகிறது, ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே என்றது ஒலிபெருக்கி.

மேற்பார்வையாளர் அம்மாள் தன் கார் சாவியை எடுத்து நீட்டினாள். உடனே, சின்னவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். இந்த நிலையில் நீ ஓட்டாதே என்று சொல்லிவிட்டு, ஒரு டிரைவரைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கத்துக்கு வெளியே ஒரு நீளமான நடை. ஒரு பக்கம் இரும்பு நாற்காலிகள், மறுபக்கம் பெயின்ட் பூசிய சுவர். கிரீஸ் படிந்த கைகளோடு, இடுப்பில் ஸ்பேனர் பட்டையைக்கூட அவிழ்க்காமல் மெக்கானிக் அங்கே நின்றிருந்தான். சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது அவன் கட்டைவிரல் கறை அதில் பதிந்துவிட்டதாம். அதைத் துடைக்கப் போய் இன்னும் பரவிவிட்டது என்றான். அவனுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது.

"கதவை உடைச்சிட்டாங்களாமே. அந்தப் பூட்டை நான் ரெண்டு நிமிஷத்துல திறந்திருப்பேன். ஊர் லிஃப்டையெல்லாம் திறக்கறவன் வீட்டுக் கதவை உடைச்சிட்டாங்கன்னு நாளைக்கு எவனாவது கேட்டா என்ன சொல்றது? உங்க அக்கா வந்து கேக்கட்டும், எவன்டா உடைச்சதுன்னு. அவ கேக்கட்டும். அவ கேட்டாப் போதும்."

சின்னவள் அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே கொண்டுபோகும்போது அவளைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றான். முகம், துவைத்துப் போட்ட துணி மாதிரி இருந்தது. என்னைத் தெரிகிறதா என்று கேட்டதற்குத் தலையை அசைத்தாள். வயிற்றில் கையை வைத்து, ‘பாப்பா அசையலைங்க’ என்று மட்டும் சொன்னாள்.

அரங்கத்துக் கதவின் மேலே எரிந்த சிவப்பு விளக்கை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நர்ஸ் உள்ளே ஓடினாள். சிறிது நேரத்தில் இன்னொருத்தி ஓடினாள். மூன்றாவது தடவை ஓடியவளை மெக்கானிக் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் கையை மட்டும் காட்டிவிட்டுப் போனாள். அந்தக் கைக்கு, இரு என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்று அவன் சின்னவளைக் கேட்டான். தெரியவில்லை மாமா என்றாள்.

ஒருவேளை இரண்டு பேரும் போய்விட்டால்? சின்னவள் அந்த நினைப்பைத் தள்ளத் தள்ள அது முன்னால் வந்து நின்றது. அக்கா இல்லாத வீடு. துணி பரப்பிய மேஜை. பாதி வரை வளையம் அடித்த திரை. ஒன்பது கேள்வி. ஒன்பதே கேள்வி. முன்பின் தெரியாதவனிடம் பொறுமையாகக் கேட்டதை, கூடப் பிறந்தவளிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தெரிந்த வலிதானே என்று இருந்துவிட்டாள்.

ஒன்றேகால் மணிக்கு அறுவை சிகிச்சை டாக்டர் வெளியே வந்தார். சின்ன உருவம், நெற்றியில் தொப்பியின் அச்சு. மெக்கானிக் எழுந்திருக்கப் போனான். அதற்குள் டாக்டரே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

உயிரோடு இருக்கிறார்கள், இரண்டு பேரும் என்று முதலில் சொன்னார். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பிறந்ததும் அழவில்லை, மூச்சுக் கருவியில் வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது. தாய்க்கு வயிற்றுக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் கொட்டியிருந்தது. கருப்பையிலிருந்து இல்லை. அதன் பின்பக்கம் பழைய நோய் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. ரொம்ப அபூர்வம். தைத்து நிறுத்தியாகிவிட்டது. கருப்பையை எடுக்க வேண்டி வரவில்லை.

குழந்தை உண்டானதோடு அந்த நோய் போய்விட்டதே என்றான் மெக்கானிக்.

"யார் சொன்னது? சில பேருக்கு வலி அடங்கும். எல்லாருக்கும் இல்லை. உள்ளே நான் பார்த்தது அடங்கின மாதிரி இல்லை. பிரசவத்துக்கு அப்புறமும் வரும். அதுக்குத் தனியா வைத்தியம் பார்க்கணும்."

பிறகு காகிதத்தைப் புரட்டி, வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். பத்தரைக்கு என்றான் மெக்கானிக், சந்தேகமே இல்லாமல். இவளிடம் சொன்னாள், சொன்ன அடுத்த நிமிஷமே இவள் வண்டியை அனுப்பிவிட்டாள் என்றான். டாக்டரின் புருவம் சுருங்கியது. இவ்வளவு ரத்தம் அவ்வளவு சீக்கிரத்தில் சேராது, முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு எழுந்தார்.

மெக்கானிக் சின்னவளின் இரண்டு கைகளையும் கிரீஸோடு பிடித்துக்கொண்டான்.

"நீ இல்லைன்னா இன்னிக்கு நான் என்னம்மா பண்ணியிருப்பேன்?"

பத்து வருஷத்தில் அவன் அவளை ‘அம்மா’ என்று கூப்பிட்டதே இல்லை. கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பத்து பத்துக்கே சொன்னாள் மாமா என்ற வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

மாலை ஐந்து மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை உள்ளே விட்டார்கள். ஐந்து நிமிடம் மட்டும். குழந்தையைக் கண்ணாடி வழியாகக் காட்டுவதாக மேல்மாடியிலிருந்து ஆள் வந்திருந்தது. நான் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ முதலில் அவளைப் பார், நான் போனால் அவள் எதிரில் அழுது தொலைப்பேன் என்று மெக்கானிக் மாடிப்படியில் ஏறினான். லிஃப்ட் இருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

பெரியவள் கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். மூக்கில் குழாய், கையில் குழாய், விரலில் விளக்கு. கண் திறந்திருந்தது.

"பாப்பா?"

மூச்சு விடுகிறாள், கருவி துணைக்கு இருக்கிறது, மாமா பார்க்கப் போயிருக்கிறார் என்றாள் சின்னவள். இரண்டு நாள் கணக்கைச் சொல்லவில்லை. அக்கா அவள் முகத்திலேயே அதைப் படித்துவிட்டது போல இருந்தது. கண்ணோரம் ஈரம் இறங்கிக் காதுக்குள் போனது. சின்னவள் துடைத்துவிட்டாள்.

துடைத்த கையை எடுக்காமலே பேசினாள். ஒரே மூச்சில் பேசினாள். காலையில் நீ தோள் வலி என்று சொன்னபோதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். அட்டையை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய வலி என்று நானே முடிவு கட்டினேன். படு என்றேன், பூட்டு என்றேன். இருபத்தைந்து நிமிஷம் உன்னை அங்கே போட்டுவிட்டேன். மாமாவுக்கு இது தெரியாது. என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"பாப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான்கா காரணம்."

பெரியவள் இல்லை என்பது போலத் தலையை அசைக்கப் பார்த்தாள். குழாய் இழுத்தது. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. சின்னவள் பஞ்சை நனைத்துத் தடவினாள். நர்ஸ் கடிகாரத்தைக் காட்டினாள்.

"குனி," என்றாள் பெரியவள்.

சின்னவள் காதை அவள் வாயருகில் கொண்டுபோனாள்.

"திரும்ப வந்துடுச்சுன்னு சொன்னேன்ல, அது பொய்டி. அது போகவே இல்ல. அன்னிக்கு ஒரு நாள்தான் வலி இல்ல, மறுநாள்லேர்ந்து அஞ்சு மாசமும் இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறதைப் பார்த்துட்டு, எனக்குச் சொல்ல வாய் வரல."